சுமதி அக்காவின் ஜிப் ஃபைல்

ஜெர்மனியில் எங்கள் நிறுவனத்தின் எர்லாங்கன் தலைமை அலுவலகத்துக்கும் டோர்ட்மண்ட் கிளைக்கும் இடையே ஃபைல்கள் வேகமாகப் போக நான்தான் ஒரு கருவியைப் பொருத்தினேன். ஏற்கெனவே அனுப்பியதை நினைவில் வைத்து, மாறியதை மட்டும் அது அனுப்பும். என் சோதனையில் பறந்தது. கிளையில் வரைபடம் போடும் யாழ்ப்பாணத்துச் சுமதி அக்கா மட்டும் வேகமில்லை என்றார். அவர் சொல்வது தவறு என்று மேலாளருக்கு எழுதிவிட்டு, அதை நிரூபிக்க ரயிலேறினேன்.

அக்கா என் கண்முன்னே வரைபடத்தை ஜிப் செய்தார்.

"ஏன் ஜிப் பண்றீங்க?"

"லைன் மெதுவெல்லோ, தம்பி. சுருக்கினால் கெதியாப் போகும்."

ஒரு கோடு மாறினாலும் ஜிப் ஃபைல் பெரும்பாலும் மாறிவிடும்; என் கருவிக்கு எல்லாமே புதிதாகத் தெரியும். செய்யாமல் அனுப்பச் சொன்னேன். முதல் முறை மெதுவாகப் போனது; ஒரு கோட்டை மாற்றி மறுபடி அனுப்பியபோது நொடியில் போய்விட்டது.

"இதை ஃபோனிலயே கேட்டிருக்கலாமே?" என்றார்.

தவறு என்னுடையது என்று மேலாளருக்கு அங்கிருந்தே எழுதினேன். இப்போது எந்தக் கிளைக்குப் போனாலும், கருவியைத் தொடுமுன் வேலை செய்பவர் பக்கத்தில் ஒரு நாற்காலி கேட்கிறேன்.