என் மகனை மறித்தவர்

இரணியல் மைதானத்தில் என் மகனின் காலை முறித்தவர் மறுநாள் மாலையே வீட்டுக்கு வந்து நின்றார். ரப்பர் தோட்டத்துத் துரை சம்பளம் கொடுத்து வைத்திருந்த பந்தாட்டக்காரர். கோலுக்கு முன்னால் நின்று எதிராளிகளை மறிப்பதுதான் வேலை. வெறுங்காலோடு ஆடி ஆடி, முழங்காலுக்குக் கீழே தோல் மரப்பட்டையாய்த் தடித்திருந்தது. சும்மா நிற்கவும் அவருக்குத் தெரியவில்லை. வெந்நீரோடு வந்த என் மனைவி எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவரும் அந்தப் பக்கமே நகர்ந்து மறித்தார். பிறகு கூசி ஒதுங்கினார்.

மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய காலைக் காட்டி, “பிள்ளையப் போகவிட்டா என்ன வே கொறஞ்சு போவும்?” என்று கத்தினேன்.

“கோல் விழும் ஐயா. பொறவு துரை எனக்குச் சோறு போடமாட்டாரு.”

மன்னிப்பாவது கேட்பார் என்று பார்த்தேன். அவரோ கட்டில் பக்கம் குனிந்து, “மக்கா, அடுத்த மட்டம் ஆடும்போ எனக்க எடது பக்கமா வா. அந்தக் காலு சட்டுன்னு திரும்பாது. ஆருட்டயும் சொல்லிராத, கேட்டியா?” என்றார்.

“வெளியே போவும் வே!” என்று விரட்டினேன்.

சோற்றுக்காகக் காலை முறித்த மனிதர், அந்தச் சோற்றையே பறிக்கக்கூடிய ரகசியத்தை ஏன் கொடுத்துவிட்டுப் போனார்? எனக்கு விளங்கவில்லை. இனிப் பந்தைத் தொடமாட்டேன் என்று அன்று காலையில்தான் மகனிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். இப்போது அவன், கட்டை எப்போது அவிழ்ப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.