கே.ஏ. நம்பர் வண்டி

ஒன்றரை வயதில் போலியோ வந்து என் வலது கால் சூம்பிப்போனது. அதனால் இருபது வருஷத்துக்கும் மேலாகப் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் அசோக் நகர் வீட்டிலிருந்து தி. நகரில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய் வந்தேன். ஒரு ஐப்பசி மழையில் பனகல் பூங்காவுக்குப் பக்கத்தில், தண்ணீருக்கு அடியில் இருந்த பள்ளம் தெரியாமல் ஸ்கூட்டர் சாய்ந்தது. இடது தோள் எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்த அன்று டாக்டர் சொன்னார்: "இனிமே ஸ்கூட்டர் வேண்டாம்மா. ஊன்றுகோல் பிடிக்கிற தோளும் போயிட்டா அப்புறம் வீட்டுக்குள்ளயே நடக்க முடியாது."

என் கணவருக்கு எந்த வண்டியும் ஓட்டத் தெரியாது. ஓட்டுநர் வைக்க வசதி கிடையாது. என்னைப் போன்றவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். அதில் இருந்த ஒரு தோழியின் காரில், கையாலேயே பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் இயக்கக் கற்றுக்கொண்டு உரிமமும் எடுத்தேன். ஆனால் அப்படி மாற்றியமைத்த கார் இங்கே பழையதாகக் கிடைக்கவில்லை. ஐந்து மாதம் தேடினேன். ஒருநாள் குழுவில் ஒரு படம் வந்தது. பெங்களூரில், வெள்ளை நிறத்தில் ஒரு சிறிய கார், எல்லாம் கையால் இயக்குவது. கீழே ஒரு கைபேசி எண்.

கணவரும் நானும் ரயிலில் போனோம். கம்மனஹள்ளியில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் கார் நின்றிருந்தது. எங்களைச் சந்தித்தவர் உரிமையாளரின் தம்பி. நாற்பது வயது இருக்கும். நன்றாகத் தமிழ் பேசினார்.

"அண்ணனுக்கும் உங்கள மாதிரியே கால்ல ப்ராப்ளம் மேடம். இந்த வண்டின்னா அவருக்கு உசுரு. யாரையும் தொட விடமாட்டாரு."

"அவர் வரலையா?"

"இப்ப அவரு ஓட்டறதில்ல. எல்லாத்துலயும் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டாரு."

அவர் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். நான் அதைக் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன், அது பொய். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன். இருக்கை என் உயரத்துக்கே வைத்த மாதிரி இருந்தது. பிரேக் கம்பியின் பிடியில் யாரோ பச்சைத் துணி சுற்றித் தைத்திருந்தார்கள். அந்தத் துணி கைபட்டுக் கைபட்டு வழுவழுப்பாகியிருந்தது. கேட்க நினைத்ததை விட்டுவிட்டு விலை பேச ஆரம்பித்தேன்.

அன்றே பணத்தைக் கொடுத்து, ஆர்.சி. புத்தகத்தையும் கையெழுத்துப் போட்ட விற்பனைப் படிவத்தையும் வாங்கிக்கொண்டு, காரை நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர். ஆம்பூர் தாண்டும்போது கணவர் பக்கத்தில் தூங்கிப்போனார். நான் ஓட்ட ஒருவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்பது எனக்குப் புதிது.

அடுத்த ஆறு வாரம் நான் வேறு ஆள். அலுவலகத்தில் கார் நிறுத்த இடம் கேட்டு வாங்கினேன். யாரையும் கேட்காமல் மயிலாப்பூருக்குப் போய்க் காய் வாங்கினேன். ஞாயிறு மாலைகளில் பெசன்ட் நகர்க் கடற்கரை வரை போய், கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்போம். ஒருநாள் அடையாறு சிக்னலில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் நம்பர் பலகையைப் பார்த்துக் கை காட்டி நிறுத்தினார்.

"கர்நாடகா வண்டியா மேடம்? இங்கதான் ஓட்டறீங்களா?"

"வாங்கி ஒன்றரை மாசம் ஆச்சு சார். இங்க பதிவு பண்ணக் குடுக்கப் போறேன்."

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். என் காலையும் கம்பிகளையும் பார்த்துவிட்டு, "சீக்கிரம் மாத்திடுங்க. அடுத்த தடவை வேற ஆள் நிப்பாங்க" என்று விட்டுவிட்டார்.

மறுநாளே எங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் ஒருவரைப் பிடித்தேன். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், மடியில் பழைய மடிக்கணினி. அவர் விளக்கினார். முதலில் கர்நாடகத்தில் ஆட்சேபணை இல்லை என்று ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். என்.ஓ.சி. என்பார்கள். அது வந்தால்தான் இங்கே வரி, ஆய்வு, தமிழ்நாட்டு எண் எல்லாம்.

"ஒண்ணியும் பெரிய மேட்டர் இல்லக்கா. ஆன்லைன்ல போட்டுக்கினே இருக்கேன். ஓனரு போனுக்கு ஓ.டி.பி. போவும். அத்த மட்டும் கேட்டு சொல்லு."

தம்பிக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. மூன்று நாள் அழைத்தேன். நான்காவது நாள் எண்ணே உபயோகத்தில் இல்லை என்று வந்தது. கார் டேஷ்போர்டில் பழைய இன்சூரன்ஸ் தாள் ஒன்று இருந்தது. அதில் உரிமையாளரின் எண் இருந்தது. ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றுகொண்டே அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். உரிமையாளரின் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"நீங்க யாரு?"

"சென்னையிலேர்ந்து பேசறேங்க. உங்க காரை வாங்கினது நான்தான். இப்ப அவர் போனுக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும்..."

"எந்தக் காரு?"

"வெள்ளைக் காரு. கையால ஓட்டறது."

"அது ரிப்பேருக்கு ஷெட்ல நிக்குது."

"இல்லீங்க. எங்க வீட்டு வாசல்ல நிக்குது."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: "வித்தது யாரு?"

"அவரோட தம்பி. அவர் கையெழுத்து போட்டுக் குடுத்ததுதான் எங்கிட்ட இருக்கு."

"தேதி என்ன போட்டிருக்கு?"

படித்துச் சொன்னேன்.

"அதுக்கு நாலு மாசம் முன்னாடியே அவரு போய்ட்டாருங்க" என்றார். போனை வைத்துவிட்டார்.

ஏஜென்ட் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். நான் சொல்லச் சொல்லத் தாடையைச் சொறிந்துகொண்டு கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இன்னாக்கா நீ, இதுக்குப் போயி. போன் நம்பர மாத்திர்லாம். அதுக்கு அங்க ஆளு கீறாங்க. கையெழுத்து கீது, புக்கு கீது, வண்டி உன்கைல கீது. ஓனரு செத்துட்டாருன்னு நீ என்கிட்ட சொல்லவே இல்ல. நானும் கேக்கவே இல்ல."

"யோசிச்சு சொல்றேன்" என்றேன்.

யோசிப்பதற்கு அதில் என்ன இருந்தது? ஆனால் நான் இரண்டு வாரம் யோசித்தேன். அந்த இரண்டு வாரமும் அதே காரில்தான் அலுவலகம் போனேன். பணம் கொடுத்துத்தானே வாங்கினேன், ஏமாற்றியது நான் இல்லையே என்று ஒவ்வொரு சிக்னலிலும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சைத் துணி சுற்றிய அந்தப் பிடியைத் தொடக் கூசியது. தொடாமல் வண்டியை நிறுத்த முடியாது. ஒருநாள் காலை கணவர் இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டே, "அந்தம்மா திரும்பக் கூப்பிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "நாம போய்ப் பாக்கலாமா?" என்றார்.

போனில் அந்தப் பெண்ணிடம் முகவரி கேட்டுக்கொண்டு மறுபடியும் ரயில். அவர் தன் அம்மா வீட்டில், சிவாஜி நகர் பக்கம் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தார். பத்தொன்பது படிகள். கணவரின் தோளைப் பிடித்து ஏறிமுடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஊன்றுகோலோடு ஒருத்தி வருவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"நீங்களும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். உள் அறையில் ஒரு பெண் குழந்தை வாய்விட்டு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

படிவத்தை எடுத்துக் காட்டினேன். ஜன்னல் அருகே போய் வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது அவரு போட்டதில்ல. அவரு கையெழுத்துக்குக் கீழ கோடு இழுக்க மாட்டாரு. இது என் கொழுந்தன் போட்டது." அந்தக் கோட்டை விரலால் தொட்டுச் சொன்னார்: "வீட்டுப் பத்திரத்துலயும் இதே கோடுதான்."

கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய கணவர் சிறுநீரகம் கெட்டு இறந்திருக்கிறார். காரியம் முடிந்த மறுமாதம் கொழுந்தன் வீட்டைத் தன் பெயருக்கு அண்ணன் எழுதிக் கொடுத்ததாக ஒரு பத்திரத்தைக் காட்டி, இவரையும் குழந்தையையும் வெளியே அனுப்பிவிட்டான். வழக்குப் போட்டிருந்தார். பத்திரத்தில் இருந்த தேதி அண்ணன் உயிரோடு இருந்த காலத்தது. அதனால் அதைப் பொய் என்று காட்ட முடியவில்லை.

"ஆனா இது அவரு போன பிறகு போட்டது" என்றார், என் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு. "இத என் வக்கீல்கிட்ட குடுக்கலாமா?"

கொடுத்தால் கார் வழக்குக்குள் போய்விடும் என்று எனக்குத் தெரியும். வேறு வழி ஒன்று இருக்கிறதா என்று பார்த்தேன்.

"நீங்க வாரிசாக் கையெழுத்து போட்டா எனக்குப் போதுங்க. உங்களுக்கும் நான் ஏதாவது..."

"நான் இப்ப போட்டா அவன் போட்டது சரின்னு ஆயிடும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் புரியவைக்க வேண்டும் என்று நினைத்தது போல, இன்னொரு முறையும் அதையே சொன்னார்.

அன்று நகல் மட்டும் கொடுத்துவிட்டு அசலைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன். அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பத்து நாள் கழித்து அந்த வக்கீல் போனில் அழைத்தார். நகலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்றார். மறுநாள் அசலைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவரே இன்னொன்றும் சொன்னார்: "வழக்கு முடியற வரைக்கும் வண்டியை ஓட்டாதீங்க, விக்காதீங்க."

பதினோரு மாதம் கார் எங்கள் தெருவில் உறை போட்டுக் கிடந்தது. அந்தப் படிவத்தை வைத்து வக்கீல் கொடுத்த மோசடிப் புகாருக்காக இரண்டு முறை பெங்களூரில் காவல் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தேன். இரண்டாம் முறை ஒரு காவலர், "தெரிஞ்சேதானே வாங்கினீங்க?" என்றார். கன்னடத்தில் சொன்னதைப் பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார். இல்லை என்று சொன்னேன். முழுமனதோடு சொல்ல முடியவில்லை.

சென்னையில் மறுபடியும் ஆட்டோ. காலை நேரத்தில் தி. நகருக்கு வர ஆட்டோக்காரர்கள் தயங்குவார்கள். வந்தாலும் ரங்கநாதன் தெருக் கூட்டத்தைக் காரணம் சொல்லிப் பாதியில் இறக்கிவிடுவார்கள். மீதித் தூரம் நடக்க நடக்கத் தோள் வலித்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார். உறைக்கு மேல் பூனை ஒன்று குட்டி போட்டது. சில நாள் அந்தப் பெண்மேல் எரிச்சல் வந்தது. ஒரு கையெழுத்து, போட்டால் என்ன குறைந்துவிடும் என்று. உடனே என்மேலேயே எரிச்சல் திரும்பும்.

தை பிறந்த பிறகு ஒரு மதியம் அவரே அழைத்தார்.

"உங்க வண்டிக்குக் கையெழுத்து போட்டுட்டேன். வாரிசுச் சான்றிதழும் வந்திருச்சு. வக்கீல் அனுப்புவாரு."

"கேஸ் முடிஞ்சுதா? ஜெயிச்சிட்டீங்களா?"

"பெரியவங்க உக்காந்து பேசுனாங்க. கீழ் வீட்ட எனக்கு எழுதிக் குடுத்துட்டான். மேல் வீடு அவனுக்கு. அதுக்குப் பதிலா, நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன், அது எங்க வீட்டுக்காரரு கையெழுத்துதான்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தேன்."

"தேதி இடிக்குமே?"

"எழுதினவங்க மாத்தி எழுதிட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. யாரும் கேக்கல." பிறகு, "குழந்தைக்கு ஸ்கூல் மாத்தணும். இனிமே அலைய முடியலங்க" என்றார்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைப்பதில் பயனில்லை. வருத்தம் அப்புறம்தான் வந்தது. இனி அவர் மேலே கொழுந்தனின் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் அந்தக் கீழ் வீட்டில் சமைக்க வேண்டும். நான் அனுப்பிய படிவம் அவருக்குப் பேரம் பேச மட்டுமே உதவியிருக்கிறது. அதுவாவது உதவியதே என்று கணவர் சொன்னார். என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தன. வண்டி முதலில் வாரிசு என்று அந்தப் பெண்ணின் பெயருக்கு மாறியது. என்.ஓ.சி. வந்தது. ஏஜென்ட் பழையதை எதுவும் பேசாமல் தாள்களை அடுக்கினார். வண்டியில் பொறித்திருந்த சேசிஸ் எண்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். புது பேட்டரி போட்டு, ஆய்வுக்காக மைதானத்துக்கு ஓட்டிப் போனேன்.

வாகன ஆய்வாளர் இளைஞர். கம்பிகளை ஆட்டிப் பார்த்தார். "நல்லா செஞ்சிருக்காங்க. யாரு பண்ணது?"

"முன்னாடி வெச்சிருந்தவர்."

"அவர் புது வண்டி வாங்கிட்டாரா?"

"இறந்துட்டார் சார்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, "ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க" என்றார். வேப்பமரங்களைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டி, அவர் காட்டிய வெள்ளைக் கோட்டில் நிறுத்தினேன். சரி என்று கையெழுத்துப் போட்டார். கணவர் ஏஜென்டுக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். "மஜாவா போய்க்கினே இருக்கா, இனிமே ஒருத்தனும் உன்ன நிறுத்த மாட்டான்" என்றார் ஏஜென்ட்.

அன்று அலுவலகத்தில் அரை நாள்தான் விடுப்பு சொல்லியிருந்தேன். கணவரை வீட்டில் இறக்கிவிட்டுத் தி. நகருக்குப் போனேன். வண்டி எப்படி என் பெயருக்கு மாறியது என்று உடன் வேலை பார்ப்பவர்கள் கேட்டார்கள். ஸ்வீட் எங்கே என்றார்கள். நாளைக்கு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மேஜைமேல் கிடந்த கோப்பைத் திறந்தேன்.