அஞ்சலை அக்கா மஞ்சள் பூசிய முளைக்குச்சி

திண்டிவனம் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரான காணையிலிருந்து வந்த உறவினர் ஒருவர், "அஞ்சல போயிடுச்சி தம்பி. காய்ச்சல்தான்" என்றார். ஊர்ப் பண்ணைக்காரர் பூமாலை அனுப்பினாராம். எதற்கு என்று கேட்டேன். உறவினருக்குத் தெரியவில்லை. அக்கா இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

அக்காவோடு களை எடுத்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காணைச் சேரியின் நடவுப் பெண்களுக்கு அவர்தான் தலைவி. யார் சிரித்துப் பேசினாலும், "இன்னா வேணுமாம் இவனுக்கு?" என்பார்.

நெய்வேலி மின்சாரத்தைப் பட்டணத்துக்குக் கொண்டுபோகும் கம்பிகள் எங்கள் வட்டாரத்துக்கு வந்த காலம். மின்கோபுரம் நிற்க வேண்டிய இடங்களில் சர்வேக்காரர்கள் முளைக்குச்சி அடித்துக்கொண்டே வந்தார்கள். ஒன்று பண்ணைக்காரரின் கரும்புக் கொல்லைக்குள் விழுந்தது. கொல்லையை ஒட்டிச் சேரி. குச்சி சற்றுத் தள்ளி நின்றால் குடிசைகள் போகும். அக்காவின் குடிசைதான் முதலில்.

அன்று மதியம் சர்வேக்காரர்களுக்குப் பண்ணை வீட்டில் விருந்து.

"கோழி அடிச்சிப் போட்றாரு. சும்மாவா போடுவாரு? நாளைக்கு அந்தக் குச்சி நம்ம ஊட்டு வாசல்ல நிக்கும் பாரு" என்றார் அக்கா. மனுக் கொடுக்கலாம் என்றேன்.

"எழுது. நீ எழுதிக்கினே இரு, அதுக்குள்ள எங்க ஊட்டப் பிரிச்சிடுவான்."

பொழுது சாய்வதற்குள் அந்தக் குச்சிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது.

"சாமி இல்லன்னு கூட்டத்துல கத்திக்கினு இருக்கோம். நீ குச்சியக் கும்புடுறியே அக்கா?"

"கும்புடல தம்பி. காவல் வெச்சிருக்கேன்."

காலையில் குச்சியைப் பிடுங்கித் தள்ளி நடப் பண்ணையாட்கள் இருவர் கடப்பாரையோடு வந்தார்கள். மஞ்சளைப் பார்த்ததும் தலைத்துண்டு இடுப்புக்கு இறங்கியது.

"ஆத்தா எறங்கிக்கீது. நீ புடுங்கு."

"ஏன், எனக்குப் புள்ளகுட்டி இல்லியா?"

பண்ணைக்காரர் வந்து கத்தினார். "நீங்களே புடுங்குங்க சாமி, நாங்க பாத்துக்கினு நிக்கிறோம்" என்றார் அக்கா. பண்ணைக்காரரின் கை குச்சிப் பக்கம் நீளவில்லை. அவர் மனைவியோ தேங்காய் உடைத்துவிட்டே போனார். வெள்ளிக்கிழமை சேரிப் பெண்களும் சூடம் ஏற்றக் கிளம்பினார்கள். "அடியே, நான் பூசின மஞ்சள்கிட்டயே வரம் கேக்கறீங்களா?" என்று அக்கா விரட்டினார்.

குச்சி அசையவில்லை. கோபுரம் கரும்புக்குள்ளேயே எழுந்தது.

மின்சாரம் பட்டணத்து ஆலைகளுக்குப் போனது. பண்ணைக்காரரின் பம்பு செட்டுக்கும் பிறகு தனிக் கம்பி வந்தது. சேரியில் சிம்னி விளக்குதான். "தலைக்கு மேல போவுது. ஊட்டுக்குள்ள வரத்தான் அதுக்கு வழி தெரியல" என்பார் அக்கா. விழுப்புரத்து மேடைகளில் வளர்ச்சி பற்றி முழங்குகிறவர்கள் ஒரு மாலைப்பொழுது அந்தக் கம்பிக்குக் கீழே வந்து உட்காரட்டும்.

அக்கா தன் குடிசையிலேயே செத்தார். அவர் காப்பாற்றிய இடம் அது. இப்போது சேரிக்கும் விளக்கு வரும் என்கிறார்கள். கம்பம் நட அளப்பதற்கு நாளை ஆட்கள் வருகிறார்களாம். அக்காவின் சந்தேகத்தை நான் எடுத்துக்கொண்டேன். விடிந்ததும் காணைக்குப் போகிறேன், குச்சியை யார் வாசலில் அடிக்கிறார்கள் என்று பார்க்க.