இடம் மாறிய இரண்டு பெயர்கள்

தங்கச்சியின் முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. குரோருட் மண்டப வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊரான எல்லிங்ஸ்ருட்டிலிருந்து இரண்டு கார்கள் வந்து நின்றன. சோற்றுப் பானைகள் இறங்கின. கடைசியில் மாலை போட்ட ஒரு படமும் இறங்கியது.

படத்தைப் பிடித்திருந்த இளைஞன் கைப்பேசியை நீட்டினான். "இண்டைக்கு மண்டபம் எங்களுக்கெண்டு செய்தி வந்தது அண்ணை. அப்பாவின்ரை அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள்."

அந்தச் செய்தியை அனுப்பியது, மண்டபத்தைப் பதிவுசெய்ய நான் எழுதிய இணையதளம்.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசை மதுரைக்காரர், அதை எழுதும்போதே தலைபாடாய் அடித்துக்கொண்டார். "ஃபங்ஷனல் மொழியில எழுதுங்க. ஒரு பட்டியல உருவாக்கிட்டா அத யாரும் மாத்த முடியாது. வரிசை மாத்தினா புதுசா ஒண்ணு வரும், பழசு அப்படியே இருக்கும்."

"ஒரு மண்டபத்துக்கு இவ்வளவு சாத்திரம் வேணுமோ?" என்று சிரித்தேன். எனக்கு எப்போதும் வாய் கூடுதல்.

பெயர்களை ஒரு பட்டியலிலும் நாள்களை இன்னொன்றிலும் வைத்திருந்தேன். மண்டபச் செயலாளர் பெயர்களை அகரவரிசையில் பார்க்கக் கேட்டார். ஒரே வரி நிரலில் செய்துகொடுத்தேன். அந்த வரி மூலப் பட்டியலையே புரட்டிவிட்டது. இரண்டு பெயர்கள் இடம் மாறின, நாள்கள் அசையவில்லை. எங்கள் சனிக்கிழமை அவர்களுக்குப் போனது, அவர்கள் கேட்ட ஞாயிறு எங்களுக்கு வந்தது. சனிதான் கிடைத்ததாக்கும் என்று அவர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு வந்த செய்தியை நான் திறக்கவேயில்லை. செய்தவனே நான், எனக்கு எதற்குச் செய்தி?

கலியாணம் முடிந்த பிறகு முழுவதையும் மதுரைக்காரர் சொன்ன மொழியில் திரும்ப எழுதினேன். எத்தனை விதமாக அடுக்கினாலும் மூலப் பட்டியல் அசையாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அன்று வாசலில் எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. உள்ளே ஐயர் ஓமம் வளர்க்கத் தொடங்கியிருந்தார். தங்கச்சியின் கார் வளைவில் திரும்பியது. செத்தவரின் மனைவி முன்னால் நின்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டேன்.

"அம்மா, பிழை என்ரை. முழுக்க என்ரை பிழை."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பூச்சுற்றி வந்த காரைத்தான் பார்த்தார்.

"தம்பி, படத்தை அங்காலை திருப்பு," என்றார் மகனிடம். "கலியாணப் பொம்பிளை வாறா."

மகன் தகப்பனின் முகத்தைத் தன் நெஞ்சோடு திருப்பி அணைத்துக்கொண்டான். தாய் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, பனியில் நடந்து, தங்கள் காருக்குப் பின்னால் மறைந்து நின்றார்.