கண்ணாடியைத் தட்டினால் ஓடி வரும் மீன்

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல, மகள் செல்வி போனில் அடிக்கிறாள்.

அவள் கிளினிக்கில் வைக்க உப்புத்தண்ணி மீன் வாங்க இன்று தஞ்சாவூர் கடைக்குப் போனோம். இரண்டு தொட்டி. இரண்டிலும் ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரே ஜாதி மீன்.

“இது கடல்ல புடிச்சதுங்க. மூணு நாளா இரை தொடல,” என்றார் கடைக்கார பாய். “அது தொட்டியிலயே பொறந்தது. பாருங்க.”

கண்ணாடியை இரண்டு தட்டு தட்டினார். அத்தனையும் வாயைத் திறந்துகொண்டு ஓடி வந்தன.

எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அவர் மிராசுதாரின் கொல்லையில் பிறந்த பண்ணையாள். பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் கைதட்டினால், தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவார். சட்டம் வந்து, குடியிருந்த மனைக்குப் பட்டா கிடைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவர் சாகும் நாளன்று, வாசலில் யாரோ காக்கை விரட்டக் கைதட்டினார்கள். கட்டிலில் கிடந்தவர் துண்டைத் தேடினார்.

“கடல் மீனே வாங்குவோம்மா,” என்றேன்.

“நாம வாங்குனா இன்னும் நாலு புடிப்பாங்கப்பா. அதுங்களாவது கடல்ல கெடக்கட்டும்,” என்றாள் செல்வி.

தொட்டியில் பிறந்ததிலேயே இரண்டு வாங்கினோம்.

படி இறங்கும்போது பாய் பின்னாலிருந்து கைதட்டினார். “பெரியவரே, இரைப் பொட்டலத்த விட்டுட்டீங்களே!”

நான் திரும்புவதற்குள் என் கை தோள் துண்டை இடுப்புக்குக் கொண்டுபோய்விட்டது.

தட்டாமல் மீனைப் பழக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கும் உதவும்.