பதினொண்ணு பன்னெண்டு வேட்டு

யாழினி, சரவணா, சுண்ணாம்புக்கல் குவாரியில் வைக்கிற வேட்டு முதலில் காதுக்கு வராது, காலுக்குத்தான் வரும். அடியிலிருந்து யாரோ உள்ளங்காலைத் தட்டினாற்போல இருக்கும், அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று உரசிக்கொள்ளும், அதற்கப்புறம்தான் "தொம்" என்ற சத்தம் வந்து சேரும். நேற்று நீங்கள் இரண்டு பேரும் இங்கிலீஷ் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு "மோர் ஆர் லெஸ்", "ரவுண்ட் அபௌட்", "கிவ் ஆர் டேக்", "ரஃப் எஸ்டிமேட்" என்று ஜோடி ஜோடியாக ஒப்பித்துவிட்டு, இதற்கெல்லாம் தமிழில் என்னப்பா என்று கேட்டீர்கள். "குத்துமதிப்பு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விட்டேன். ஒயரிங் வேலைக்கு ஊரெல்லாம் ரஃப் எஸ்டிமேட் சொல்லிப் பிழைக்கிற ஆள் நான், அதை விளக்கத் தெரியாமல் எழுந்து போகவில்லை. அந்த ஜோடி வார்த்தைகளை நான் எட்டாவது படிக்கும்போதே மனப்பாடம் செய்தவன். செய்த அன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குன்னத்துக்கும் அரியலூருக்கும் நடுவில் இருந்தது எங்கள் ஊர். அங்கே யாரும் எதையும் ஒரே எண்ணாகச் சொல்ல மாட்டார்கள். ஆடு "ஏழெட்டு" இருக்கும், பஸ் "அஞ்சு பத்து" நிமிஷத்தில் வரும், கல்யாணத்துக்கு "நாப்பது அம்பது" பேர் வந்திருப்பார்கள். என் அம்மாவிடம் உனக்கு வயசு என்ன என்று கேட்டாலே "முப்பது முப்பத்தஞ்சு இருக்கும், போடா" என்பாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றை எண்தான் சொல்வாள். அது மத்தியான வேட்டு.

என் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, ஊருக்கு மேற்கே ஒரு சின்னக் குவாரியில் திரி பற்றவைக்கிற ஆள். பாறையில் போட்ட குழிகளில் வெடிமருந்தை அடைத்து, பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியதும் குழிக்குக் குழி திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடி வருவார். அத்தனை குழியும் வெடித்ததா என்று எண்ணிச் சொல்வதும் அவர் பொறுப்புதான். ஒன்று வெடிக்காமல் கிடந்து, அதன் மேல் யாராவது கடப்பாரையைப் போட்டால் ஆள் மிஞ்ச மாட்டான். ஆனால் வருஷக்கணக்காக அந்தச் சத்தத்திலேயே இருந்து அப்பாவுக்குக் காது மங்கிவிட்டிருந்தது. பக்கத்தில் நின்று பேசினால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். இது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று அம்மாவையும் என்னையும் தவிர யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. காலையில் கிளம்பும்போதே அன்றைய குழி எத்தனை என்று அம்மாவிடம் சொல்லிவிடுவார். சத்தம் கேட்கும்போது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் நின்று, விரலை மடக்கி மடக்கி எண்ணுவாள். சாப்பிட வந்து உட்கார்ந்ததும் அப்பா "எத்தன?" என்பார். அவள் சொல்கிற எண்ணை வைத்துத்தான் குவாரியில் மற்ற ஐந்து பேரும் மறுபடி குழிக்குள் இறங்கினார்கள். அது அவர்களுக்கே தெரியாது.

அன்றைக்கு அம்மா சித்தியின் பிரசவத்துக்குக் குரும்பலூர் போயிருந்தாள். எனக்கு முழுப் பரீட்சை, மறுநாள் இங்கிலீஷ் இரண்டாம் தாள். "பன்னெண்டு குழிடா, நல்லா எண்ணு" என்று சொல்லிவிட்டு அப்பா சைக்கிளை எடுத்தார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து "மோர் ஆர் லெஸ், மோர் ஆர் லெஸ்" என்று உருப்போட்டுக்கொண்டிருந்தேன். டம்ளர் உரசி நின்று, ஊரே ஓய்ந்த பிறகுதான் வேட்டு முடிந்துவிட்டது என்பதே என் புத்திக்கு ஏறியது.

அப்பா வந்தார், கை கழுவினார், சோற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டார். "எத்தனடா?"

"பதினொண்ணு பன்னெண்டு இருக்கும்பா."

பிசைந்த கை நின்றது. என் வாயையே பார்த்தார். "பதினொண்ணா, பன்னெண்டா?"

"பன்னெண்டு" என்றேன். அவருக்குப் புரியும்படி வாயை நன்றாகத் திறந்து, கெட்டியாகச் சொன்னேன்.

சாப்பிட்டு முடித்துச் சைக்கிளை எடுத்தார். சைக்கிள் திருப்பத்தில் மறைந்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. எதிர்வீட்டுக் கமலா அக்காவிடம் ஓடினேன். அவள் புருஷன் மாரிமுத்து அண்ணனும் அப்பாவோடுதான் வேலை. முறத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னிக்கு எத்தன வேட்டுக்கா?"

"பதினொண்ணு. ஏன், பரீட்சைல கேக்குறாங்களா?" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். "எத்தன குழிடா போட்டாங்க?"

நான் குவாரிப் பக்கம் திரும்பினேன். ஓட ஆரம்பித்தேன்.

சித்திரை வெயில். பருத்திக் காட்டில் ஒரு குருவி கிடையாது, காற்றும் இல்லை. என் மூச்சு எனக்கே பின்னால் வேறு யாரோ ஓடி வருவதுபோலக் கேட்டது. பாதி வழியில் உள்ளங்காலில் அந்தத் தட்டு வந்தது. சங்கு ஊதவில்லை, கத்தல் இல்லை, ஒன்றே ஒன்று. அதற்கப்புறம் "தொம்".

நான் போய்ச் சேர்ந்தபோது குவாரி இருந்த இடத்தில் குவாரி இல்லை. வெள்ளைப் புழுதி ஒரு சுவர்போல நின்றது. அது மெதுவாகக் கலைய, உள்ளேயிருந்து ஆட்கள் வந்தார்கள். தலை, புருவம், இமை மயிர் வரைக்கும் வெள்ளை. கால் தரையில் படுகிற சத்தமே இல்லாமல், எல்லாம் ஒரே முகமாக. அவர்களில் யார் என் அப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறு பேர் இருக்க வேண்டும்.

"அப்பா" என்று கத்தினேன். ஐந்து வெள்ளை முகமும் என் பக்கம் திரும்பின. அதில் அவர் இல்லை. கல் குவியலுக்கு அந்தப் பக்கம் ஆறாவதாக ஒரு உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. மறுபடியும் கத்தினேன். அது திரும்பவே இல்லை. அந்தத் திரும்பாத முதுகுதான் என் அப்பா.

நடந்தது இதுதான். அப்பா குவாரிக்குப் போனதும் யாரையும் உள்ளே விடவில்லை. தான் மட்டும் இறங்கி, ஒவ்வொரு குழியாகத் தேடி, திரி பாதியில் அணைந்து கிடந்த ஒன்றைக் கண்டுபிடித்து, எல்லாரையும் குவியலுக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு அதை வெடிக்கவைத்திருக்கிறார். சங்கு ஊதுகிற ஆள் அப்போது சாப்பாட்டுக்குப் போயிருந்தார்.

"மாரிமுத்து கடப்பாரைய போட இருந்த எடத்துக்கு நேர் கீழடா" என்றார் என்னிடம், வழியில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே. "பதினொண்ணு பன்னெண்டுன்னு மொதல்ல சொன்ன பாரு, அது உண்ம. எண்ணினவனுக்குச் சந்தேகம் வந்தா வாயி அப்பிடித்தான் ரெண்டா சொல்லும். அப்பறம் பன்னெண்டுன்னு அழுத்திச் சொன்னியே, அப்பதான் யாரையும் எறங்க விடக் கூடாதுன்னு முடிவு பண்ணேன்."

நான் அழுதேன். எண்ணினதில் வந்த சந்தேகத்தை மறைத்துவிட்டதற்காக அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து வந்த அம்மா அன்றைக்கு எத்தனை என்று கேட்டபோது அப்பா "பன்னெண்டு" என்றார். பிறகு என்னை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

குத்துமதிப்பு என்றால் பொய் இல்லை, பிள்ளைகளா. ஒன்றைப் பார்த்தவன், கேட்டவன், முழுசாகப் பிடிபடாமல் சொல்வது அது. பார்க்காதவன், கேட்காதவன் அதே வார்த்தையைச் சொன்னால் கேட்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. என் அப்பாவுக்கே தெரியவில்லை.

இப்போது அந்தக் குவாரி மூடிக்கிடக்கிறது. பெரிய குவாரிகளில் எல்லாக் குழியையும் மெஷின் வைத்து ஒரே மூச்சாக வெடிக்கவைக்கிறார்கள், வாசலில் நின்று விரல் மடக்குகிற பெண் எந்த வீட்டிலும் கிடையாது. அப்பா போய்ச் சேர்ந்தும் வருஷங்கள் ஆகிவிட்டன.

இன்று காலை உங்களைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகாமல் வண்டியை அந்தப் பக்கம் விட்டேன். குழி நிறையப் பச்சைத் தண்ணீர், அலையே இல்லை. விளிம்பில் நின்று, காது கேட்காதவரிடம் பேசுகிறாற்போல, வாயை நன்றாகத் திறந்து சத்தமாகச் சொன்னேன்: "நான் எண்ணவே இல்லப்பா."