சாகாத மீன் இருக்கா?

"ஆரணியில் கடல் மீனா?" என்று யாராவது சிரித்தால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று ஏறும். ஏன், இருந்தால் என்னவாம்? மீன் என்ன ஊர் பேரைக் கேட்டுவிட்டா மூச்சு விடுகிறது? என் வாடகை வீட்டில் பிள்ளை குட்டிகளோடு மூன்று வருஷம் கடல் தண்ணீரில் வாழ்ந்தது ஐயா.

எண்பதுகளின் நடுவில் நடந்த கூத்து இது. நான் பட்டுத்தறிக்கு அட்டை குத்துகிறவன். புடவைக் கரையில் மயில் வரவேண்டுமென்றால் அதற்கான ஓட்டைகளை அட்டையில் குத்தித் தருவது என் வேலை. நாலு ஓட்டை தப்பினால் மயில் வாத்தாகிவிடும். ஒரு வேலையாக மெட்ராஸ் போனபோது ஒரு ஜவுளிக்கடை முகப்பில் கடல் மீன் தொட்டியைப் பார்த்தேன். பார்த்தவன் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். ஊர் திரும்பும்போது என் மடியில் ஒரு காலிக் கண்ணாடித் தொட்டி இருந்தது.

"இதுல என்ன, ஊறுகாய் போடப் போறீங்களா?" என்றாள் மனைவி.

நாங்கள் இருந்தது ஒரு நயினார் வீட்டுப் பின்கட்டில். எங்கள் பக்கத்துத் தமிழ் ஜைனர்களை நயினார் என்போம். வீட்டுக்கார அம்மா முன்கட்டில் தனியாக இருந்தார். பொழுது சாய்ந்தால் வாயில் ஒரு பருக்கை வைக்கமாட்டார். கிணற்றுத் தண்ணீரை நாலாக மடித்த துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிர்களை மறுபடி அதே கிணற்றில் அலசி விடுவார். நாங்கள் எட்டு மாதம் அலைந்து பிடித்த வீடு அது. வற்றாத கிணறு, அட்டை அடுக்க நீளமான கூடம். மனைவிக்கு அப்போது மூன்று மாதம். "கொழந்த பொறந்தா இந்த வீட்டுக்குத்தான் தூக்கிக்கினு வருவேன். வேற வீடுன்னு பேசினீங்க, நடக்கறதே வேற" என்று சொல்லிவைத்திருந்தாள்.

வீட்டுக்கார அம்மா தொட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"வளர்க்கறது உங்க இஷ்டம். ஆனா அடைச்சு வெச்சு ஒரு உயிரு போச்சுன்னா, அடுத்த மாசம் வேற வீடு பாத்துக்குங்க."

குரலை உயர்த்தவே இல்லை. புத்தியுள்ளவன் அன்றைக்கே தொட்டியைத் திருப்பிக் கொடுத்திருப்பான். எனக்கு வீம்பு.

ஆறு பிளாஸ்டிக் கேன்களில் கடல் தண்ணீரை மெட்ராசிலிருந்து பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் ஒரு கேனைத் திறந்து மோந்து பார்த்தார். நம்பாமல் விரலை விட்டு நக்கியும் பார்த்தார்.

"தூ! யோவ், உப்புத் தண்ணிய்யா இது!"

"கடல் தண்ணின்னு நான்தான் சொன்னேனே!"

"ஆரணிக்கு எதுக்குய்யா கடல் தண்ணி?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பேசாமல் சாராயம் என்றே சொல்லியிருக்கலாம், மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

வாசலில் வீட்டுக்கார அம்மா மடித்த துணியோடு தயாராக நின்றார். ஆறு கேனையும் சொட்டு விடாமல் வடிகட்டிய பிறகுதான் தண்ணீர் தொட்டிக்குள் போனது. துணியைக் கொஞ்சம் கடல் தண்ணீரிலேயே அலசி, ஒரு பாட்டிலில் ஊற்றி என் கையில் கொடுத்தார்.

"எங்க மொண்டீங்களோ அங்கியே விட்டுட்டு வந்துடுங்க."

"நம்ம கிணத்துலயே விட்டுடலாமேம்மா?"

"உப்புல பொறந்ததுங்க. இங்க விட்டா செத்துடாதா?"

கண்ணுக்கே தெரியாத பிரயாணிகளை மடியில் வைத்துக்கொண்டு மறுநாள் மறுபடி மெட்ராஸ் பஸ் ஏறினேன். என் நேரம், அதே கண்டக்டர்.

"இது என்ன?"

"அதே தண்ணிதான். திருப்பி விடப் போறேன்."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போனவர், மெட்ராஸ் வரும்வரை என் பக்கம் திரும்பவேயில்லை.

பாட்டிலைக் கடலில் கவிழ்த்த கையோடு மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒன்றைக் காட்டினார்.

"சாகுமா?"

"நல்லா பாத்துக்கினா சாகாது சார்."

"வேணாம். அடுத்தது."

"இந்த நீலம் கெட்டி. ஆனா கூட இருக்கறத கடிச்சே கொன்னுடும். எறாப் பொடி போடணும்."

எறாப் பொடி! நயினார் வீட்டில்! "பேஜார் பண்ணாதீங்க. சாகாத மீன் இருக்கா, இல்லையா?" என்று கத்தினேன்.

அவர் பெருமூச்சு விட்டு ஒரு ஓரத் தொட்டியைக் காட்டினார். கன்னங்கரேலென்று சில மீன்கள். "மாலி. நல்ல தண்ணி மீனுதான், கொஞ்சம் கொஞ்சமா கடல் தண்ணிக்குப் பழக்கி வெச்சிருக்கேன். பாசி தின்னும், கீரை தின்னும். லேசுல சாகாது. ஒரு மாசம் தண்ணி தொட்டியிலயே இருந்து பதமாவட்டும், அப்புறம் வந்து ஜோடியா வாங்கிக்கினு போங்க."

ஒரு மாதம் பொறுத்து ஆணும் பெண்ணுமாக வாங்கி வந்தேன். "கடலையே பஸ்ஸுல ஏத்திக்கினு வந்துட்டு, கடைசியில அடுப்புக் கரியா வாங்கிக்கினு வந்தீங்க?" என்றாள் மனைவி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் பார்க்க அப்படித்தான் இருந்தது.

தினமும் காலையில் அம்மா வந்து எண்ணுவார். "ரெண்டு. சரி." ஒரு நாள் வந்தவர் வெகுநேரம் நின்றார். "பதினாலு!" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால், தாய்க்காரி இரவோடு இரவாகப் பன்னிரண்டு குட்டி போட்டிருந்தாள். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மத்தியானம் மறுபடி எண்ணினார். பதினொன்று.

மற்ற மூன்றும் எங்கே போயின என்று எனக்குத் தெரியும். என் கண்ணெதிரேதான் அந்தத் தாய்க்காரி ஒன்றை லபக்கென்று விழுங்கினாள். சாகாத மீன் கேட்டேனே தவிர, கொல்லாத மீன் கேட்க எனக்குத் தோன்றவில்லையே!

"ஒளிஞ்சிக்கினு இருக்குதுங்கம்மா. கல்லு சந்துல" என்றேன்.

தொட்டியில் இருந்ததே ஒரே ஒரு கல்.

அம்மா கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் மனைவியின் வயிற்றைப் பார்த்தார். முன்கட்டுக்குப் போய்விட்டார். முடிந்தது கதை, மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். மனைவி அழவே தொடங்கிவிட்டாள்.

அம்மா திரும்பி வந்தார். ஒரு கையில் அந்த வடிகட்டும் துணி, இன்னொரு கையில் கழுவிய ஊறுகாய் ஜாடி. துணியைத் தண்ணீருக்குள் விரித்து, குட்டிகள் மேலே வரும்வரை காத்திருந்து ஒவ்வொன்றாக ஏந்தி ஜாடிக்கு மாற்றினார். ஒன்பதும் பிழைத்தன. "பெத்தத தின்னுவியாடி? தூ!" என்று தாய்க்காரியைத் திட்டிவிட்டு, ஜாடியோடு தன் கட்டுக்குப் போனார். வீடு காலி பண்ணும் பேச்சே எழவில்லை. குட்டிகள் தேறித் தொட்டிக்குத் திரும்பும்வரை கீரை நறுக்கிப் போட்டது அவர்தான். அதன்பிறகு பெரியவற்றுக்கும் அவரேதான் போட்டார். என்னைக் கிட்டவே விடவில்லை.

பிரசவத்துக்கு மனைவி படவேட்டிலுள்ள தாய்வீட்டுக்குப் போனாள். அவளையும் குழந்தையையும் அழைத்துவர நான் போய்ப் பத்து நாள் தங்கும்படி ஆனது. நாங்கள் திரும்பியதும் அம்மா வாசலிலேயே ஆரத்தி எடுத்து, குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

கை கால் கழுவப் பின்பக்கம் போனேன். செம்பருத்திச் செடிக்கடியில் உள்ளங்கை அகலத்துக்கு மண் புதிதாக மெழுகியிருந்தது. அதன்மேல் ஒரு பூ. உள்ளே வந்து தொட்டியைப் பார்த்தேன். தாய்க்காரியைக் காணோம்.

"அம்மா, அந்தப் பெரிய மீனு..."

அவர் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் துணியைச் சரிசெய்தபடி, "ஒளிஞ்சிக்கினு இருக்குது. கல்லு சந்துல" என்றார். கண்கள் சிவந்திருந்தன.

தொட்டியில் அப்போதும் ஒரே ஒரு கல்தான். வாய்த்துடுக்குக்குத் தெருவிலேயே பேர்போனவன் நான்.

"ஆமாங்கம்மா. மெதுவா வரட்டும்" என்றேன்.